நீதிபதியின் தங்கை எழுதியது

வில்லோ ஃபோர்க்
ஏப்ரல் 9, 1978

அன்புள்ள அண்ணா,

இதை நின்றுகொண்டேதான் எழுதுகிறேன். உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன். கன்று ஈனும் பருவம் தொடங்கியாயிற்று. இந்த வருஷம் பசுக்களெல்லாம் கூடிப் பேசி முடிவெடுத்ததுபோல், பனி கொட்டுகிற நாளாகப் பார்த்துத்தான் ஈனுகின்றன. நேற்று ஒரு கன்றைச் சமையலறைக்குத் தூக்கிவந்து அடுப்போரம் போட்டுத் துடைத்தேன். எழுந்து நின்றதும் அது செய்த முதல் காரியம், அம்மாவின் கம்பளத்தை நாசம் பண்ணியதுதான். நீ இருந்திருந்தால் அதன்மேல் வழக்குப் போட்டிருப்பாய்.

போனில் பேசலாமே என்று கேட்டிருந்தாய். பேசலாம். ஆனால் எங்கள் லைனில் இன்னும் ஆறு வீடு இருக்கிறது, யார் எடுத்தாலும் நாம் பேசுவது கேட்கும். போன வாரம் கால்நடை டாக்டரிடம் மாத்திரை கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் வில்மா கிராஃபின் குரல்: "ஆர்டித், அத குடுக்காத. எங்க பசுவுக்குக் குடுத்து மூணு நாள் வயித்தால போச்சு." அதனால்தான் கடிதம். கடிதத்தை உன்னையும் என்னையும் தவிர வேறு யாரும் படிக்கப் போவதில்லை.

ஒன்று சொல்லட்டுமா? சிரிக்கக்கூடாது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் இரண்டு தட்டு வைக்கிறேன். ஒற்றைத் தட்டைப் பார்த்தால் சாப்பாடு இறங்குவதில்லை. எதிர்த்தட்டில் ஒரு உருளைக்கிழங்கு வைப்பேன். பிறகு அது நாய்க்குப் போய்விடும். எம்மெட் மட்டும் வேலியோரம் வந்து நிற்காவிட்டால், வாரக்கணக்கில் ஒரு மனுஷக் குரல் என் காதில் விழாது. நம்மோடு பள்ளிக்கூடம் வந்த காலத்திலேயே அவன் பேசுகிற ஆளில்லை, உனக்குத் தெரியும். "காத்து" என்பான். "ஆமா" என்பேன். முடிந்தது. அந்தக் "காத்து"க்காக நான் தலை வாரிக்கொண்டு வேலிக்குப் போகிறேன், அண்ணா. ஐம்பத்தெட்டு வயதில்.

கடைசியாக ஒன்று. எம்மெட்டின் வாய்க்கால் வழக்கு உங்கள் கோர்ட்டுக்கு வந்திருக்கிறது. அதைப் பற்றி உன்னிடம் பேசக்கூடாது என்று எனக்குத் தெரியும். நான் பேசவில்லை. ஆனால் எம்மெட் திருட்டுத்தனமாக மதகு வைத்தான் என்று மேட்டுப் பண்ணைக் கம்பெனிக்காரர்கள் சொல்வதைக் கேட்டால் வயிறு எரிகிறது. அந்த மதகை வைத்தது நம் அப்பாவும் அவன் அப்பாவும். பெரிய வறட்சி வருஷம் அது. நீயும் நானும்தான் வாளியில் அவர்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோனோம். கீழ்க்கோர்ட்டில் கூப்பிட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். எம்மெட்தான் என்னைக் கூப்பிட விடவில்லை. "ஒன் அண்ணன் ஆல்டன் பேரு எதுக்கு இதுல இழுபடணும்?" என்றுவிட்டான். இவ்வளவுதான். நான் எதுவும் பேசவில்லை.

ஒழுங்காகச் சாப்பிடு. யூனிஸ் அண்ணி போன பிறகு நீ டப்பா சூப்பிலேயே காலம் தள்ளுகிறாய் என்று தோன்றுகிறது.

உன் தங்கை,
ஆர்டித்

---

தலைநகர்
ஏப்ரல் 18, 1978

ஆர்டித்துக்கு,

உன் கடிதத்தின் முதல் இரண்டு பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கன்று, கம்பளம், வில்மா. சத்தமாகச் சிரித்துவிட்டேன், பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். கடைசிப் பக்கத்தை ஒரே தடவைதான் படித்தேன். அதிலேயே காரியம் கெட்டுவிட்டது.

நான் செய்ததைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். எங்கள் முன் இருக்கும் வழக்கைப் பற்றி ஒரு நீதிபதிக்கு யார் எதை எழுதினாலும், அதை இரண்டு தரப்பு வக்கீல்களுக்கும் அவர் காட்டியாக வேண்டும். எழுதியது ஊர்பேர் தெரியாதவராக இருந்தாலும் சரி, தங்கையாக இருந்தாலும் சரி. அன்று மத்தியானமே உன் கடிதத்தைக் கோர்ட் பதிவாளரிடம் கொடுத்தேன். பிரதிகள் போய்விட்டன. ஒரு பிரதி வழக்குக் கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பை யார் வந்து கேட்டாலும் காட்டுவார்கள்.

பதிவாளர் அம்மாள் நல்லவர். "முழுசுமா சார்? கடைசிப் பக்கம் மட்டும் போதுமே. மேல இருக்கறதெல்லாம் வீட்டு விஷயம்" என்று கேட்டார். ஒரு வரியை வெட்டினால்கூட, வெட்டிய இடத்தில் என்ன இருந்தது என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அதற்கு என் சொல்லைத் தவிர வேறு சாட்சி கிடையாது. "முழுசும்" என்றேன்.

நீ கோபப்படுவாய். பட்டுக்கொள். ஆனால் எழுதாமல் இருந்துவிடாதே. வழக்கைத் தவிர எதை வேண்டுமானாலும் எழுது.

ஆல்டன்

---

வில்லோ ஃபோர்க்
மே 6, 1978

மாண்புமிகு நீதிபதி ஆல்டன் ருஸ்டாட் அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தையும் தாங்கள் பிரதி எடுத்துக்கொள்ளலாம். எத்தனை எடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. இனி மறைக்க என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

நம் வார இதழில் போட்டுவிட்டார்கள். முழுசும். "நீதிபதிக்குத் தங்கை எழுதிய கடிதம்" என்று தலைப்பு. தட்டு, உருளைக்கிழங்கு, நாய், தலை வாரியது, எதையும் விடவில்லை. தீவனக் கடைக்குள் போனேன். பேச்சு நின்றது. மாடுகளுக்கு நக்கக் கொடுக்கும் உப்புக்கட்டி வாங்கிக்கொண்டு திரும்பினால், மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒருத்தன், "ஆர்டித், இன்னைக்கு எத்தன தட்டு?" என்கிறான். இன்னொருத்தன், "தல வாரிட்டுல்ல வந்திருக்கா! வெளிய காத்தடிக்குதான்னு பாருடா" என்கிறான். உப்புக்கட்டியைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அந்த இரண்டாவது தட்டை அலமாரியின் மேல்தட்டில், எனக்கே எட்டாத இடத்தில் வைத்தேன்.

அவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும், அது எனக்குப் பெரிதில்லை. எம்மெட் வேலிப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டான். தூரத்தில் என்னைக் கண்டால் தொப்பியைத் தொடுவான், அப்படியே திரும்பி நடந்துவிடுவான். பாவம், அவன் வேறென்ன செய்வான்? வந்து "காத்து" என்று சொன்னால் பள்ளத்தாக்கே கைதட்டும்.

நீ ஒரு சட்டம் வைத்திருக்கிறாய். சரி. அதைக் காப்பாற்ற உன்னிடம் ஐந்து நீதிபதியும் ஒரு பெரிய கட்டடமும் இருக்கிறது. என்னிடம் இருந்தது ஒரு வேலியும் ஒரு வார்த்தையும். அதை எடுத்துக் கோப்பில் வைத்துவிட்டாய்.

இப்படிக்கு,
தாங்கள் அறிந்த
ஆர்டித் ருஸ்டாட்

---

தலைநகர்
ஜூன் 11, 1978

ஆர்டித்துக்கு,

நீ எழுதியது அத்தனையும் சரி. மறுக்க ஒன்றுமில்லை.

நேற்று அந்த வழக்கிலிருந்து விலகிவிட்டேன். யாரும் என்னை விலகச் சொல்லவில்லை. நம் பள்ளத்தாக்கில் வளர்ந்தவன் என்று நான் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தேன், பரவாயில்லை என்றார்கள். உன் கடிதத்தைப் பார்த்த பிறகும் இரண்டு வக்கீல்களும் பரவாயில்லை என்றே எழுதிக் கொடுத்தார்கள். தலைமை நீதிபதிக்குத்தான் கோபம். "ரெண்டு பேருக்கும் ஆட்சேபணை இல்லங்கறப்ப உனக்கென்னய்யா ஆல்டன் வந்துச்சு?" என்றார். "எனக்கு அந்த வாளி ஞாபகம் வந்துடுச்சு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும். நீ எழுதும்வரை எனக்கு அது மறந்தே போயிருந்தது. இப்போது அப்பாவின் முதுகில் ஒட்டிய சட்டைகூடத் தெரிகிறது. கோப்பில் இல்லாத ஒன்றைத் தலைக்குள் வைத்துக்கொண்டு, இல்லாததுபோல் உட்கார என்னால் முடியாது. என் இடத்தில் வேறு ஆளைப் போடவில்லை. மீதி நான்கு பேர் கேட்பார்கள்.

நீ தட்டைப் பற்றி எழுதினாய். நானும் ஒன்று சொல்கிறேன். நான் நீதிபதியாகும்வரை வியாழக்கிழமைதோறும் நான்கு பேர் சீட்டாடுவோம். மூன்று பேர் வக்கீல்கள். கருப்பு அங்கி போட்ட முதல் மாதமே ஆட்டம் நின்றது. அவர்களுடைய வழக்குகள் எங்களிடம் வருமே. தெருவில் பார்த்தால் இப்போது வானிலையைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள், அதையும் ஜாக்கிரதையாக. முடிவெட்டும் கடையில் நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் ரேடியோவை நிறுத்துகிறார்கள். "போடுங்கப்பா, பேஸ்பால்தானே" என்றால், "இல்லீங்க சார், உங்களுக்குத் தொந்தரவா இருக்கும்" என்கிறார்கள். வீட்டில் யூனிஸ் இருந்தவரை இதெல்லாம் தெரியவில்லை. இப்போது எனக்கு வருகிற தபாலில் "நீதிபதி அவர்களுக்கு" என்று ஆரம்பிக்காத ஒரே கடிதம் உன்னுடையதுதான். இந்தத் தடவை அதுவும் அப்படித்தான் ஆரம்பித்தது.

என்னை அண்ணா என்று கூப்பிட இந்த உலகத்தில் வேறு ஆள் இல்லை, ஆர்டித்.

ஆல்டன்

---

வில்லோ ஃபோர்க்
செப்டம்பர் 8, 1978

அண்ணா,

தீர்ப்பு வந்துவிட்டது. உனக்கு எங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். இரண்டுக்கு இரண்டு. சமமாகப் பிரிந்தால் கீழ்க்கோர்ட் கம்பெனிக்குச் சாதகமாகச் சொன்னதே நிற்குமாம். எம்மெட்டின் வக்கீல் மூன்று தடவை விளக்கினார். எம்மெட் மூன்று தடவையும் தலையாட்டினான்.

நேற்று கம்பெனி ஆட்கள் வந்து மதகுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். குதிரைமசால் கடைசி அறுப்புக்கு நின்றது, இப்போதே வெளுக்க ஆரம்பித்துவிட்டது. தீவனம் இல்லாமல் குளிர்காலத்துக்கு மாடு வைத்துக்கொள்ள முடியாது. எல்லாவற்றையும் விற்றுவிட்டு, ஸ்போகேனில் இருக்கும் அக்கா மகளிடம் போகப் போகிறான். பூட்டும்போது நான் போய் நின்றேன். யார் பார்த்தால் என்ன என்று போனேன். அவன் என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஊரில் பேசிக்கொள்வது என் காதிலும் விழுகிறது. ஆல்டன் உட்கார்ந்திருந்தால் மூன்றுக்கு இரண்டு, எம்மெட் ஜெயித்திருப்பான் என்கிறார்கள். அப்படியானால் அவன் தண்ணீரை நிறுத்தியது கம்பெனி இல்லை. நான். அவனுக்கு உதவி செய்வதாக நினைத்து எழுதிய நாலு வரி.

ஒரே ஒரு கேள்வி. நீ இருந்திருந்தால் எந்தப் பக்கம் சொல்லியிருப்பாய்? "எம்மெட்டுக்கு எதிராகத்தான்" என்று மட்டும் எழுதிவிடு. நான் நிம்மதியாகத் தூங்குவேன். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை. வழக்கு முடிந்துவிட்டது. யாரிடமும் சொல்லமாட்டேன். கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுகிறேன்.

ஆர்டித்

---

தலைநகர்
செப்டம்பர் 17, 1978

ஆர்டித்துக்கு,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நீ கேட்டது ஒரு சொல். அது கைக்கு வந்து நிற்கிறது. எழுதமாட்டேன். நான் கேட்காத வழக்கில் எனக்குக் கருத்து கிடையாது என்றுதான் விலகினேன். உனக்காக இப்போது ஒன்றைச் சொன்னால், அன்று விலகியது வெறும் நாடகம் என்றாகும். பொய் சொல்லலாம்தான். ஆனால் நான் சொன்னது பொய்யா நிஜமா என்று ஒவ்வொரு நாளும் நீ புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாய். உன்னை எனக்குத் தெரியும்.

நீ ஒன்றை மட்டும் விட்டுவிட்டாய். கடிதம் எழுதியது நீ. எழுந்து போனது நான். எம்மெட்டின் தண்ணீர் யார் தலையில் விழவேண்டும் என்றால், அது என் தலையில்தான். அங்கேயே இருக்கட்டும். நீ சுமக்காதே.

ஆல்டன்

---

தலைநகர்
அக்டோபர் 22, 1978

ஆர்டித்துக்கு,

இடையில் எழுதியதையும் சேர்த்தால், பதில் வராமலே நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. கணக்குப் பார்ப்பதற்காகச் சொல்லவில்லை. தபாலில் தவறியிருக்குமோ என்று நினைக்கப் பார்க்கிறேன், முடியவில்லை.

வருகிற ஏழாம் தேதி தேர்தல். என் பெயருக்கு எதிரே "இந்த நீதிபதி பதவியில் நீடிக்க வேண்டுமா? வேண்டும், வேண்டாம்" என்று அச்சிட்டிருப்பார்கள். எதிர்த்து நிற்க ஆள் கிடையாது. நான் போய் ஓட்டுக் கேட்கவும் முடியாது. சும்மா உட்கார்ந்து, மாநிலம் முழுவதும் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியதுதான். பெரும்பாலானவர்கள் என் பெயரை அப்போதுதான் முதல் தடவை படிப்பார்கள். பள்ளத்தாக்கில் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

கன்றுகளை விற்றாயிற்றா? முதல் பனி விழுந்துவிட்டதா? ஒரு வரி போதும்.

ஆல்டன்

---

தலைநகர்
நவம்பர் 12, 1978

அன்புள்ள ஆர்டித்,

ஜெயித்துவிட்டேன். வித்தியாசம் பெரிதுதான். அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். எல்லோரும் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள்.

நான் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை. வாக்குச்சாவடி வாரியாக எண்ணிக்கை வந்தது. வில்லோ ஃபோர்க் பள்ளிக்கூடத்தைத் தேடிப் பார்த்தேன். பதிவான ஓட்டில் ஒன்று தவிர அத்தனையும் "வேண்டாம்". ஒன்றே ஒன்று "வேண்டும்".

அந்த ஒன்றைப் பார்த்ததும் நான் கதவைச் சாத்திக்கொண்டேன். ஊரே ஒரு பக்கம் நின்றபோது, நான் உனக்குச் செய்ததெல்லாம் செய்த பிறகும், நீ அந்தச் சின்ன மறைப்புக்குள் போய் எனக்குப் போட்டாயே. நீ பேசாமல் இருந்த இரண்டு மாதமும் எனக்கு மறந்துபோயிற்று. இனி நீ எழுதாவிட்டாலும் பரவாயில்லை. எனக்கு ஒரு ஆள் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

உன் அண்ணன்,
ஆல்டன்

---

வில்லோ ஃபோர்க்
நவம்பர் 19, 1978

அன்புள்ள அண்ணா,

நீ அப்படி எழுதியிருக்காவிட்டால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். என்னால் உன்னை அப்படி நம்ப விட முடியவில்லை. பொய் சொல்ல மாட்டேன் என்று நீ அடம்பிடித்தாயே, அந்த வியாதி எனக்கும் தொற்றிவிட்டது போலிருக்கிறது.

தேர்தலுக்கு மறுநாள் காபிக் கடையில் அந்த ஒற்றை ஓட்டுப் பேச்சுத்தான். நானும் அங்கே இருந்தேன். எல்லோரும் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே ஆப்பிள் பை தின்றார்கள். வில்மா வாய்விட்டே கேட்டாள்: "என்ன இருந்தாலும் கூடப் பொறந்தவன்ல? போடாம இருப்பியா?" அப்போது எம்மெட் எழுந்தான். வாழ்க்கையில் அவன் ஒரு கூட்டத்தில் எழுந்து பேசி யாரும் பார்த்ததில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "அந்த ஒண்ணு என்னோடது. ஆர்டித்தை விடுங்க" என்றான்.

"நீயா? ஒன் தண்ணியவே தொலைச்சவன்யா அவன்!" என்றார்கள்.

"சொந்தத் தங்கச்சிக்காகக்கூட ஓரவஞ்சனை பண்ணாத ஆளு. அடுத்த கேஸுக்கு எனக்கு அப்பிடி ஒருத்தன் வேணும்ல" என்றான்.

"மாடெல்லாம் வித்தாச்சு, இனி என்ன கேஸு எம்மெட் ஒனக்கு?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அவனும் கொஞ்சம் சிரித்தான். பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். "வேண்டும்" ஒன்றுதான். அது எம்மெட்டுடையது என்றால், ஆர்டித் எதற்குப் போட்டாள்? கணக்கு எல்லோருக்கும் வந்துவிட்டது. எம்மெட்டுக்குத்தான் கடைசியாக வந்தது. அவன் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். என்னைக் காப்பாற்ற எழுந்தவன், என்னை எல்லோருக்கும் நடுவில் காட்டிக்கொடுத்துவிட்டு நின்றான்.

ஆமாம் அண்ணா. நான் "வேண்டாம்" என்றுதான் போட்டேன்.

கடையில் என்னைப் பாராட்டினார்கள். ஒருத்தர் முதுகில் தட்டினார். என் காபிக்குக் காசு வாங்கவில்லை. வசந்தத்திலிருந்து என்னைக் கேலி பண்ணியவனே எழுந்து வந்து, "இப்பதான் நீ நம்ம ஆளு" என்றான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எம்மெட்டின் தண்ணீருக்காக, என் கடிதத்துக்காக, உன்னைப் பழிவாங்கினேன் என்று நினைக்கிறார்கள். நான் அவர்களைத் திருத்தவில்லை. நிஜத்தைச் சொல்லியிருந்தால் தட்டுக் கதையைவிட அதிகமாகச் சிரித்திருப்பார்கள்.

எம்மெட் நேற்றுக் கிளம்பிவிட்டான். இப்போது வேலிக்கு அந்தப் பக்கம் விளக்கே இல்லை. உன் அறையைப் போன மாதமே சுத்தம் பண்ணிவிட்டேன். ஜன்னலுக்குப் புது மரச்சட்டம் போட்டேன். கட்டிலுக்கு மெத்தை வாங்கினேன். உன்னிடம் எனக்கு இருந்த கோபமெல்லாம் செப்டம்பரிலேயே தீர்ந்துவிட்டது. பிறகு ஏன் பதில் எழுதவில்லை என்றால், எழுதினால் உளறிவிடுவேன் என்ற பயம். நீ தோற்றால் அங்கே உனக்கு இருக்க ஒரு காரணமும் இல்லை, வீட்டுக்குத்தான் வருவாய் என்று நினைத்தேன். ஓட்டுப் போடப் பென்சிலை எடுத்தபோது அது ஒன்றுதான் என் மனசில் இருந்தது.

பதவிக்காலம் எட்டு வருஷம் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள்.

வாழ்த்துகள், அண்ணா.

ஆர்டித்